பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்த கம்ப்யூட்டர்! பார்வையற்ற வாலிபர் ‘குற்றவாளி’யைப் பிடித்தார்

(நமது நிருபர்)

சென்னை–

முதல் நாள் இரவு வரை பேசிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், மறுநாள் காலை முதல் பேச மறுத்தது. “சவுண்டு கார்டு போச்சு. 1,850 ரூபாய் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக். ஆனால் ஒரு ரூபாய் செலவில்லாமல், அரை மணி நேரத்தில், அது மறுபடியும் பேசியது. கோளாறைப் பிடித்துக் கொடுத்தவர் கண் பார்வை இல்லாத ஒரு வாலிபர்!

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இது நடந்தது. அதன் விவரம் வருமாறு:–

இந்தக் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் பெட்டி. நடத்துபவர் 45 வயது மதிக்கத்தக்க ஒரு பெண். “பேரெல்லாம் போடாதே தம்பி. அந்த மெக்கானிக் பையனும் இதே ஏரியாதான். நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும்” என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை. அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு வழிப்பறி வழக்கின் எப்.ஐ.ஆர். நகலை ஜெராக்ஸ் எடுக்க இந்த நிருபர் அங்கே போனபோது மாலை 6 மணி. கடைக்குள் ஒரே கலக்கம்.

கடைசி நாள்

ஒரு வாலிபர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் மடக்கிய வெள்ளைக் கோல். அரசுத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். இரவு 11.59-க்கு மேல் கதவு மூடிவிடும்.

“அக்கா அடித்துக் கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“போன தடவை ஒருத்தர் அடிச்சுக் கொடுத்தார் சார். பிறந்த தேதியில ஒரு நம்பர் தப்பு. தள்ளிட்டாங்க. ஒரு வருஷம் போச்சு. அதுல இருந்து நானே அடிக்கிறேன், நானே கேட்கிறேன், நானே அனுப்பறேன்” என்றார் வாலிபர்.

கண் தெரியாதவர் எப்படிக் கம்ப்யூட்டரில் அடிப்பார் என்று வாசகர்கள் கேட்கலாம். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் சாப்ட்வேர் இருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் என்விடிஏ. இலவசம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் என்பவர் 2006-ல் இதைத் தொடங்கினார். ஜேம்ஸ் தே என்பவர் கூடச் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். அது தமிழும் படிக்கும். ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் அது என்ன எழுத்து என்று சொல்லும்.

நமக்கெல்லாம் சத்தம் வராவிட்டால் பாட்டு போச்சு, சினிமா போச்சு. இவருக்குத் திரையே இருண்டு போன மாதிரி!

“ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கு”

அப்போது ஆதார் ஜெராக்சுக்காக ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பல வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். “நகரு கண்ணு, பார்ப்போம்” என்று உள்ளே வந்தார்.

முதலில் ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. வால்யூம் குமிழைக் குறைத்து வைத்தார். கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த பச்சை நிற ஒயர் பிளக்கை உருவினார். அதன் நுனியை விரலால் தொட்டார்.

“உர்ர்ர்...” என்று ஸ்பீக்கர் உறுமியது.

“பார்த்தியா? ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கு. ஒயரும் அறுந்து போகல. வால்வு ரேடியோ காலத்துல இருந்து இதான் எங்க வைத்தியம்” என்றார் பெரியவர்.

பிறகு இந்த நிருபரின் போனை வாங்கினார். அந்த பிளக்கைப் போனில் செருகினார். பழைய பாட்டு ஒன்று கடை முழுக்கக் கணீரென்று ஒலித்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தோம். வாலிபர் சிரிக்கவில்லை.

“அப்ப கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்” என்றார் அவர்.

காலையில் என்ன மாத்தினீங்க?

அடுத்து அந்த வாலிபர் கேட்ட கேள்வி, ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்பது போலவே இருந்தது.

“அக்கா, நேத்து ராத்திரி வரைக்கும் பேசிச்சு. காலையில இருந்து பேசல. நடுவுல எதையாவது மாத்தினீங்களா?”

“ஒண்ணும் மாத்தல தம்பி. மானிட்டர்தான் மாத்தினேன். பழசுல கோடு கோடா விழுந்துச்சு. செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி வெச்சேன்.”

“ஒயரும் மாறிச்சா?”

“ஆமா. பழசு நீலக் கலர். ரெண்டு பக்கமும் திருகாணி இருக்கும். இது சின்னதா, தட்டையா இருக்கு.”

வாலிபர் எழுந்து வந்து கீ போர்டைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். விண்டோஸ், கண்ட்ரோல், ‘வி’ ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினார்.

“இப்ப திரையில என்ன வந்திருக்கு? வாசிங்க அக்கா.”

தினமும் மிஷின் அவருக்குப் படித்துக் காட்டும். இன்று மிஷினுக்குப் பதிலாக அக்கா படித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“முதல்ல ஏதோ இங்கிலீஷ் பேரு, பக்கத்துல நம்பர்... அட, இந்த மானிட்டர் மேல ஒட்டியிருக்கிற அதே பேரு!”

“அதுக்குக் கீழே?”

“ஸ்பீக்கர்ஸ்... ரியல்டெக்னு போட்டிருக்கு.”

“இப்ப எதைத் தேர்ந்தெடுத்திருக்கு?”

“மேல இருக்கிறதை.”

“கீழ இருக்கிறதை அழுத்துங்க.”

அக்கா மவுசை அழுத்தினார். அடுத்த நொடி, தகர டப்பாவைத் தட்டியது போன்ற அந்தக் குரல் ஸ்பீக்கரில் இருந்து கிளம்பியது. படபடவென்று பேசத் தொடங்கியது. மணி 6.35.

குட்டு என்ன?

நடந்தது இதுதான். பழைய நீல நிற ஒயரின் பெயர் விஜிஏ. அதில் படம் மட்டும்தான் போகும். தட்டையான புது ஒயர் எச்டிஎம்ஐ. அதில் படமும் போகும், ஒலியும் போகும்.

எச்டிஎம்ஐ ஒயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் என்ன நினைத்தது? “ஒலிக்குப் புதிய ஆள் வந்துவிட்டார்” என்று நினைத்து, மொத்தச் சத்தத்தையும் மானிட்டருக்கு அனுப்பிவிட்டது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது! கம்ப்யூட்டர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தது. காது இல்லாத இடத்தில் பேசியது.

இதே கதைதான் புளூடூத் விஷயத்திலும். பையில் கிடக்கும் இயர்போன், பக்கத்து அறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கர் ஆகியவற்றோடு கம்ப்யூட்டர் தானாகச் சேர்ந்துகொள்ளும். சத்தம் அங்கே போய்விடும். மேஜை மேல் உள்ள ஸ்பீக்கர் மவுனமாக இருக்கும்.

விண்டோஸ் 11-ல் திரையின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் வால்யூம் கோடு வரும். அதன் பக்கத்தில் உள்ள சின்ன அடையாளத்தை அழுத்தினால், எதன் வழியாகச் சத்தம் போகிறது என்ற பட்டியல் தெரியும். அதில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு வால்யூம் கோட்டின் மேலேயே அந்தப் பெயர் தெரியும். அதை அழுத்தி மாற்றலாம்.

உங்கள் வீட்டில் பேசவில்லையா?

வீட்டிலோ கடையிலோ ஸ்பீக்கர் பேசவில்லை என்றால், மெக்கானிக்குக்குப் போன் போடும் முன்பு பத்து நிமிடம் நீங்களே துப்புத் துலக்கலாம். பெரியவர் சொன்ன சூத்திரம் ஒன்றுதான்: “கோளாறு ஸ்பீக்கர்லயா, கம்ப்யூட்டர்லயா? அதை முதல்ல ரெண்டா பிரி. மீதி தானா வரும்.”

பிரிப்பது சுலபம். ஸ்பீக்கர் பிளக்கை எடுத்து ஒரு போனில் செருகுங்கள். பாட்டு வந்தால் ஸ்பீக்கர் நிரபராதி. வராவிட்டால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள். இப்போது வரும் பல போன்களில் அந்த ஓட்டையே இல்லை. அப்படியானால் பழைய போனையோ, இயர்போன் ஓட்டை உள்ள டி.வி.யையோ தேடிப் பிடியுங்கள்.

ஸ்பீக்கர் பக்கம் பார்க்க வேண்டியவை: சுவிட்ச் போட்டிருக்கிறதா? விளக்கு எரிகிறதா? அடாப்டர் பிளக் பாயிண்டில் லூசாக ஆடுகிறதா? குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா? வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு ஒயர் கழன்றுகொள்வது தினம் நடக்கும் கதை.

பல சின்ன ஸ்பீக்கர்களில் இரண்டு ஒயர்கள் இருக்கும். ஒன்று யுஎஸ்பி. இன்னொன்று உருண்டை பிளக். யுஎஸ்பி ஒயரைச் செருகியதும் விளக்கு எரிகிறதே என்று இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். இந்த வகை ஸ்பீக்கரில் யுஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட் கரண்ட் மட்டும்தான். சத்தம் வருவது உருண்டை பிளக்கில்தான். சோறு ஒரு வாசலில், சேதி ஒரு வாசலில்! யுஎஸ்பி ஒயர் மட்டுமே உள்ள ஸ்பீக்கர் என்றால் கதை வேறு. கரண்டும் சத்தமும் ஒரே ஒயரில் வரும். சத்தம் போகும் பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பச்சை ஓட்டை எங்கே?

மேஜைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் வண்ண வண்ண ஓட்டைகள் உண்டு. பச்சைதான் ஸ்பீக்கருக்கு. ரோஸ் நிறம் மைக்குக்கு. நீலம் வெளியில் இருந்து சத்தம் உள்ளே வருவதற்கு. மைக்ரோசாப்டும் இன்டெலும் 1990-களின் கடைசியில் வகுத்த ‘பிசி 99’ விதிகளில் இந்த வண்ணக் கணக்கு இருக்கிறது. இருட்டில் தடவிச் செருகினால் ரோஸ் ஓட்டையில் போய் உட்கார்ந்துவிடும். சத்தம் வராது.

பிளக்கைக் கடைசி வரை அழுத்துங்கள். ‘டக்’ என்று உட்கார வேண்டும். பெட்டியின் முன்பக்க ஓட்டையில் வரவில்லை என்றால் பின்பக்கம் போட்டுப் பாருங்கள். அசெம்பிள் செய்த பெட்டிகளில் முன்பக்க ஓட்டைக்கு உள்ளே ஒயரே கொடுக்காமல் விட்டிருப்பதும் உண்டு.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். இயர்போன் ஓட்டைக்குள், பிளக் செருகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தூசு சேர்ந்து அது மாட்டிக்கொண்டால், இயர்போன் இன்னும் இருப்பதாகவே லேப்டாப் நினைக்கும். ஸ்பீக்கரை மூடி வைக்கும். இயர்போனை நாலைந்து தடவை செருகி எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும்.

வாயைப் பொத்தியது யார்?

அடுத்து, கம்ப்யூட்டரின் வாயை யாராவது பொத்தி இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் படத்தின் பக்கத்தில் பெருக்கல் குறி இருந்தால் ‘மியூட்’ என்று அர்த்தம். கீ போர்டிலும் அதற்கென்று ஒரு கீ இருக்கும். குழந்தைகள் கை பட்டிருக்கும். பூனை நடந்திருக்கும்!

பாட்டு வருகிறது, ஆனால் குறிப்பிட்ட ஒரு வீடியோவில் மட்டும் சத்தம் இல்லை என்றால் வேறு விஷயம். 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் தனித்தனி வால்யூம் உண்டு. ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தி ‘வால்யூம் மிக்சர்’ என்பதைத் திறந்தால், எதன் சத்தம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அதிலும் குற்றம் இல்லை என்றால் கம்ப்யூட்டரை ஒரு தடவை நிறுத்தி மறுபடி போடுங்கள். பிறகும் வரவில்லையா? ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் ஆடியோ’ என்ற வரியில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ஒலி வேலையைக் கவனிப்பது அதுதான். சில சமயம் அது தூங்கிவிடும்.

கடைசியாக ‘டிவைஸ் மேனேஜர்’. அதில் ஒலிக் கருவியின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அதை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். மஞ்சள் அடையாளம் இருந்தால் டிரைவரில் கோளாறு. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் அல்ல. கம்ப்யூட்டருக்கும் ஒலி சிப்புக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் சாப்ட்வேர். அந்தக் கருவியை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டால் பெரும்பாலும் அதுவே புதிதாக அமர்ந்துகொள்ளும்.

ஒரு பக்கம் மட்டும் பேசினால்

இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் பேசுகிறது என்றால், பிரித்து மாட்டும் ஒயராக இருந்தால் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பேசாத பெட்டி இப்போது பேசினால் பெட்டி நல்லது. ஒயரிலோ, ஒலி வரும் பக்கத்திலோ கோளாறு. இடம் மாற்றிய பிறகும் அதே பெட்டி மவுனமாக இருந்தால் அதன் காயில் அறுந்திருக்கலாம்.

“பென்சில் செல் ஒண்ணு எடு. கழட்டின ஸ்பீக்கரோட ரெண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடு. ‘டப்’புனு சத்தம் வந்தா காயில் உயிரோட இருக்கு” என்றார் பெரியவர்.

ஆனால் வீட்டுக் கரண்ட் நேராகப் போகும் ஸ்பீக்கர் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அவர் எச்சரித்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கண்டன்சரில் கரண்ட் தங்கி இருக்கும். அது தெரிந்தவர் வேலை.

“சவுண்டு கார்டு போச்சு” - உண்மையா?

1981-ல் ஐபிஎம் கம்பெனி பிசி கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதனால் ‘பீப்’ என்று கத்தத்தான் முடிந்தது. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற அட்டையைக் கொண்டுவந்தது. தனியாக வாங்கிச் செருக வேண்டும். அதுதான் சவுண்டு கார்டு.

இப்போது சாதாரணக் கம்ப்யூட்டர்களில் அப்படித் தனி அட்டை கிடையாது. மதர்போர்டிலேயே ஒரு சின்ன சிப்பாக ஒட்டி இருக்கிறது. ஆகவே “சவுண்டு கார்டு போச்சு” என்று யாராவது சொன்னால், “எங்கே, காட்டுங்க” என்று கேளுங்கள். நிஜமாகவே அந்த சிப் போயிருந்தாலும் மதர்போர்டை மாற்ற வேண்டியது இல்லை. யுஎஸ்பியில் செருகும் ஒலி அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ரிப்பேருக்குக் கொடுத்தால் பில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உஷார்!

போலீஸ் செய்தி எழுதும் நிருபர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். “உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்” என்று திரையில் எண் வந்தால் பேசாதீர்கள். தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது என்று மைக்ரோசாப்டே சொல்லி இருக்கிறது. பேசினால், தூரத்தில் இருந்தே கம்ப்யூட்டரைப் பார்க்கும் சாப்ட்வேரைப் போடச் சொல்வார்கள். பிறகு பேங்க் கணக்கு காலி. டிரைவர் தேவைப்பட்டால் விண்டோஸ் அப்டேட்டிலோ, கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலோ மட்டும் எடுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுங்கள்.

மெக்கானிக் சொல்வது என்ன?

மறுநாள் அந்த மெக்கானிக்கையும் இந்த நிருபர் சந்தித்தார். இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும்.

“ஏமாத்தணும்னு சொல்லல சார். ஒரு நாளைக்குப் பத்து கடை. ஓனர் போன் மேல போன் போடறார். சத்தம் இல்லேன்னதும் மனசுல தோணினதைச் சொல்லிட்டேன். மானிட்டர் மாத்தினாங்கன்னு நான் கேட்கல. அவங்களும் சொல்லல” என்றார். பிறகு, “அந்த மூணு கீ என்னென்ன சார்?” என்று கேட்டுச் செல்போனில் குறித்துக்கொண்டார்.

அன்று இரவு 7.40-க்கு வாலிபரின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பிறந்த தேதியை மூன்று தடவை கேட்டுச் சரிபார்த்த பிறகே அனுப்பினார். ஒப்புகைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோலை விரித்துக் கிளம்பினார். பிரிண்ட் எடுத்ததற்கு அக்கா காசு வாங்கவில்லை.

இப்போது அந்தக் கடைக்குப் போனால் மானிட்டரின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். அக்கா தன் கையால் எழுதியது:

“இதுக்கு வாய் கிடையாது. சத்தம் வரலைன்னா ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கவும்.”